ஒருநாள் காற்றும் ஒரு பருவத்துக் காற்றும்: கரையோரக் கடல் நகரும் விதம்

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் எல்லோரும் ரயில் பாலத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். ஒரு பத்து நிமிடம் கீழே குனிந்து, தூண்களுக்கு இடையே தண்ணீர் போகும் போக்கைப் பாருங்கள். டிசம்பரில் போனால் அது வடக்கிலிருந்து தெற்காக, பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஜூன், ஜூலையில் போனால் அதே இடத்தில் தெற்கிலிருந்து வடக்காக ஏறிக்கொண்டிருக்கும். ஓதம், அதாவது கடலின் தினசரி ஏற்ற இறக்கம், இடையில் புகுந்து சில மணி நேரம் போக்கை மாற்றலாம். மாதக் கணக்கில் பார்த்தால் இதுதான் நடப்பு.

ராமேசுவரம் தீவின் மீனவர்கள் ஒரு பக்கத்தை வடகடல் என்றும் மறுபக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடை வீசும் மாதங்களில் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றின் காலத்தில் அப்படியே தலைகீழ். இதைப் பார்த்தவுடன் மனதில் தோன்றும் விளக்கம் எளிமையானது: காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, தண்ணீர் அந்தப் பக்கம் போகிறது. பாம்பனில் இது பெரும்பாலும் சரி. அங்கிருந்து 200 கிலோமீட்டர் தென்மேற்கே கன்னியாகுமரிக் கடலுக்குப் போனால் இதே விளக்கம் தடுமாறும். சென்னைக்கு வந்தால் இன்னொரு விதமாகத் தடுமாறும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் கரையோரக் கடலின் பாதி நடத்தை பிடிபட்டுவிடும்.

முதலில் காற்று தண்ணீரை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கலாம். கடல்நீர் காற்றைவிட ஏறத்தாழ 850 மடங்கு அடர்த்தியானது. அவ்வளவு கனமான பொருளை இவ்வளவு லேசான பொருள் இழுப்பதென்றால் பிடி வேண்டும். அந்தப் பிடியைத் தருவது நீர்ப்பரப்பின் சொரசொரப்பு. காற்று எழுப்பும் சிறுசிறு நெளிவுகளும் அலைகளும்தான் அதற்குக் கைப்பிடி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகிறது. அதனால்தான் மெல்லிய காற்று நாள் முழுக்க அடித்தும் அசையாத கடல், ஒரு வலுத்த காற்றுக்குச் சட்டென்று நகர ஆரம்பிக்கிறது. ஆனாலும் கிடைக்கும் வேகம் குறைவுதான். மேற்பரப்பு நீர் காற்றின் வேகத்தில் 2 முதல் 3 சதவீதம் அளவுக்கு நகரும் என்பது கடலியலில் பழகிய கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்றுக்குத் தண்ணீர் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் அதிகம். கேட்க அற்பமாகத் தெரியும். ஒரு நாள் முழுக்கப் போனால் 24 கிலோமீட்டர், ஒரு மாதம் போனால் 700 கிலோமீட்டர்.

மாதக்கணக்கில் போவது என்று வந்துவிட்டால் இன்னொரு ஆள் உள்ளே நுழைகிறார்: பூமியின் சுழற்சி.

நார்வேக்காரரான ஃப்ரிட்யோப் நான்சென் 1893-இல் ஃபிராம் என்ற கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் சிக்கவைத்தார். பனியோடு சேர்ந்து கப்பல் எங்கே மிதந்து போகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். 1896-இல் கப்பல் பனியிலிருந்து விடுபட்டது. அந்தப் பயணத்தில் அவர் கவனித்த ஒரு விஷயம் அவரை விடவில்லை. பனி, காற்று வீசிய திசையில் போகவில்லை. காற்றின் திசைக்கு வலப்புறமாக 20 முதல் 40 பாகை வரை விலகிப் போனது. பூமி சுழல்வதுதான் காரணம் என்று நான்சென் ஊகித்தார். கணக்குப் போட்டு நிறுவியவர் வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன் என்ற இளம் சுவீடன்காரர். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1905-இல் வந்தது.

எக்மன் சொன்னதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். கடலின் மேல் அடுக்கைக் காற்று இழுக்கிறது. அது நகரத் தொடங்கியதும், வடக்கு அரைக்கோளத்தில், பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்புகிறது. அந்த அடுக்கு தனக்குக் கீழே உள்ள அடுக்கை இழுக்கிறது. அது இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகிறது. இப்படிக் கீழே போகப் போகச் சுருள் படிக்கட்டு மாதிரி திசை திரும்பிக்கொண்டே, வேகம் தேய்ந்துகொண்டே போகும். சில பத்து மீட்டர் ஆழத்துக்குள் காற்றின் கை எட்டாமல் போய்விடும். இத்தனை அடுக்குகளையும் கூட்டிப் பார்த்தால், மொத்த நீரும் போவது காற்றின் திசைக்குச் சரியாக 90 பாகை வலப்புறம். காற்று வடக்கு நோக்கி அடித்தால் நீர் கிழக்கே போகிறது. எனக்கு இது முதல்முறை புரிந்தபோது, கடலைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது.

அப்படியானால் பாம்பனில் ஏன் நீர் திரும்பவில்லை? அங்கே ஆழம் இல்லை. பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 10 மீட்டரை ஒட்டியதுதான். எக்மனின் படிக்கட்டு முழுதாக இறங்குவதற்குள் தரை தட்டிவிடும். அடித்தரையின் உராய்வு நீரைப் பிடித்து நிறுத்துவதால் சுழற்சியின் திருப்பலுக்கு வேலையில்லை. தண்ணீர் காற்றோடு போய்க் கரையில் மோதி லேசாகக் குவிகிறது, குவிந்த நீர் கிடைத்த வாய்க்கால் வழியே மறுபக்கம் வழிகிறது. பாம்பன் கால்வாய் அந்த வாய்க்கால்களில் ஒன்று.

ஆழத்தைப் போலவே முக்கியமான இன்னொன்று நேரம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பூமியின் சுழற்சி நீரைத் திருப்புவது ஒரு நொடியில் நடக்கும் காரியம் அல்ல. ஒரு தள்ளு கொடுத்துவிட்டு நீரைச் சும்மா விட்டால், அது வட்டமடித்துப் பழைய திசைக்கே திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்த இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. துருவத்தில் 12 மணி நேரம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இது நீண்டுகொண்டே போகும். சென்னையில் கிட்டத்தட்ட 53 மணி நேரம். கன்னியாகுமரியில் 85 மணி நேரம், அதாவது மூன்றரை நாள். பூமத்திய ரேகையில் திருப்பலே கிடையாது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையின் கடற்காற்றைப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று லேசாகி எழும்பும். கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நண்பகலை ஒட்டி, கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று கரைக்குள் புகும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் இது இரண்டு மணி, மூன்று மணி வரை தள்ளிப்போகும். அன்றைக்குத்தான் நகரம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி வேகும். வந்த காற்று முதலில் கிழக்கிலிருந்து வீசும். சாயங்காலம் ஆக ஆகத் தென்கிழக்குக்கும் தெற்குக்கும் நகரும். காற்றையும் பூமி வலப்பக்கம் திருப்புகிறதல்லவா, அதனால். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அடங்கி, பின்னிரவில் தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய கரைக்காற்று கிளம்பும். கட்டுமரத்தில் பாய் விரித்த காலத்தில், விடியுமுன் இந்தக் கரைக்காற்றில் கடலுக்குப் போய், மதியக் கடற்காற்றில் கரை திரும்புவதுதான் வழக்கம்.

சென்னையில் கடற்காற்றுக்குக் கிடைப்பது எட்டு மணி நேரம். பூமி நீரை ஒரு முழுச் சுற்றுத் திருப்ப வேண்டியது 53 மணி நேரம். ஆறில் ஒரு பங்குகூட முடியவில்லை, அதற்குள் காற்று நின்றுவிடுகிறது. ஆகவே தினசரிக் கடற்காற்று சென்னையில் நீரைக் கொஞ்சம் கரைப்பக்கமாகவும், மாலையில் கொஞ்சம் வடக்காகவும் தள்ளும், ஒழுங்கான அலைகளை எழுப்பும், பிறகு விட்டுவிடும். எக்மன் சொன்ன 90 பாகை விலகலை இங்கே எதிர்பார்க்க முடியாது.

இதே தினசரிக் காற்று வேறொரு அட்சரேகையில் செய்யும் வேலை வியப்பானது. 30 பாகை அட்சரேகையில் நீரின் சுற்று நேரம் சரியாக 24 மணி. கடற்காற்றும் 24 மணிக்கு ஒருமுறை வருகிறது. ஊஞ்சல் திரும்பி வரும் அதே நொடியில் ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டுவிட்டால் போதும், சின்னக் குழந்தைகூடப் பெரியவரை உயர ஆட்டிவிடலாம். அமெரிக்காவின் டெக்சாஸ், லூசியானா மாநிலங்களை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாக் கடல் கிட்டத்தட்ட இந்த அட்சரேகையில்தான் இருக்கிறது. கோடையில் அங்கே வீசும் மென்மையான கடற்காற்று, கரையிலிருந்து வெகுதூரம் வரை நீரை நாளுக்கொரு வட்டமாகச் சுழற்றுகிறது. காற்றின் பலத்தை மட்டும் பார்த்துக் கணித்தால் கிடைக்காத வேகம் அது. அதே பலமுள்ள காற்று சென்னைக்கு வந்தால் ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் தள்ளுகிறவர் கதைதான்.

சரி, நாள் காற்றால் ஆகாத காரியத்தை நம் பக்கம் எந்தக் காற்று செய்கிறது? பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை, நாள் தவறாமல், ஒரே திசையில். 85 மணி நேரம் என்ன, 85 நாளுக்கும் மேல் அவகாசம் இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரையை வரைபடத்தில் பாருங்கள். அது மேற்கு வடமேற்கிலிருந்து கிழக்கு தென்கிழக்காகச் சரிந்து போகிறது. கொல்லங்கோடு, குளச்சல், மணக்குடி என்று அந்தச் சரிவிலேயே ஊர்கள் அமைந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று இங்கே ஏறக்குறைய மேற்கிலிருந்து, கரைக்கு இணையாக, கிழக்கு நோக்கி வீசுகிறது. இப்போது எக்மனின் விதியைப் போட்டுப் பாருங்கள். கிழக்கே போகும் காற்றுக்கு வலப்புறம் எது? தெற்கு. அதாவது, திறந்த கடல். கரையை ஒட்டி வீசும் காற்று, கரையோரத்து மேல்நீரைக் கடலுக்குள் ஓட்டுகிறது. கரையோரம் காலியாக இருக்க முடியாதே. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து தண்ணீர் எழும்புகிறது. நாளொன்றுக்குச் சில மீட்டர் என்ற மெதுவான வேகம்தான். வாரக்கணக்கில் நடப்பதால் அது போதும்.

அப்படி எழும்பும் நீர் குளிர்ந்தது. மே மாதத்தில் 29, 30 பாகை இருக்கும் மேற்பரப்பு வெப்பநிலை இந்தக் கரையோரத்தில் பருவமழைக் காலத்தில் பல பாகை இறங்கும். வெளியே மழைக் காற்று, உள்ளே குளிர்ந்த நீர். ஆனால் குளிர்ச்சியைவிடப் பெரிய விஷயம் அந்த நீர் கொண்டுவரும் சத்து. கடலில் செத்து மூழ்கும் எல்லாமும் ஆழத்தில்தான் மக்குகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அங்கே தேங்கிக் கிடக்கின்றன, வெளிச்சம் இல்லாததால் பாசி வளர முடிவதில்லை. மேலே வெளிச்சம் இருக்கிறது, சத்து இல்லை. மேலெழுச்சி இரண்டையும் சேர்த்துவைக்கிறது. நுண்பாசிகள் பெருகுகின்றன. அதைத் தின்ன சாளையும் நெத்திலியும் வருகின்றன, அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள். கேரளக் கரை முழுக்கச் சாளை மீன் இந்தியாவிலேயே பேர்பெற்றதாக இருப்பதற்கும், குமரி முனைக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்கிற மேட்டுப்பகுதி மீன்வளத்துக்குப் பெயர் வாங்கியதற்கும் இந்தக் காற்றும் ஒரு காரணம். குளச்சல் சந்தையில் கூடையில் விழும் சாளைக்கும் கரைக்கு இணையாக வீசும் கச்சானுக்கும் இடையில் பூமியின் சுழற்சி இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பு குறைவதில்லை.

இதன் பிரம்மாண்டமான வடிவத்தைப் பார்க்க அரபிக்கடலின் மறுகரைக்குப் போக வேண்டும். சோமாலியாவை ஒட்டிப் பருவக்காற்று ஒரு குறுகிய பீறலாக வீசுகிறது. அங்கே கரையோர நீரோட்டம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும், குளிர்காலத்தில் திசையையே மாற்றிக்கொள்ளும். வெப்ப மண்டலத்தில் இருந்தும் ஆகஸ்டில் சில இடங்களில் நீரின் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போகிறது.

கணக்குப்படி சோழமண்டலக் கரையிலும் இது நடக்க வேண்டும். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று சென்னை, கடலூர் கரையை ஒட்டி வடகிழக்காக வீசுகிறது. அதற்கு வலப்புறம் தென்கிழக்கு, மறுபடியும் திறந்த கடல். நடக்கவும் செய்கிறது. ஆனால் பலவீனமாக. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று இத்தனை ஆறுகள் வங்கக்கடலில் நன்னீரைக் கொட்டுகின்றன. உப்புக் குறைந்த அந்த லேசான நீர் மேலே மூடி மாதிரி பரவுகிறது. மூடியை விலக்கிக் கீழ்நீரைக் கொண்டுவர இந்தக் காற்றால் எளிதில் முடிவதில்லை. ஒரே பருவக்காற்றில் மேற்குக் கரை மீனால் நிறைய, கிழக்குக் கரை அந்த அளவுக்கு நிறையாததற்கு இந்த மூடி ஒரு முக்கியக் காரணம்.

கிழக்குக் கரையில் இதைவிடப் பெரிய புதிர் ஒன்று இருக்கிறது. கரையை ஒட்டி வங்கக்கடலில் ஓடும் பெரிய நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திரும்புகிறது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை தெற்கே போகிறது. அப்போது வடகிழக்குக் காற்றும் அந்தப் பக்கமே அடிக்கிறது, பொருத்தமாக இருக்கிறது. வடக்கு ஆறுகளின் நன்னீரைச் சுமந்துகொண்டு இது தமிழகக் கரையைக் கடந்து, இலங்கையைச் சுற்றி, அரபிக்கடலின் தென்கிழக்கு மூலை வரை போய்ச் சேர்கிறது. வடக்கே போகும் முறையில்தான் சிக்கல். தென்மேற்குக் காற்று வலுப்பது ஜூனில். நீரோட்டமோ பிப்ரவரியிலேயே வடக்கே திரும்பி, மார்ச், ஏப்ரலில், கரையில் காற்று சோம்பிக் கிடக்கும்போது, உச்சத்தைத் தொடுகிறது. காற்று வருமுன்பே கடல் ஓடுகிறது!

1990-களில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்த வெளிநாட்டு ஆய்வாளர்களும் இந்த முடிச்சைக் கணினி மாதிரிகள் வழியாக அவிழ்த்தார்கள். நம் கரையில் வீசும் காற்று ஒரு காரணம் மட்டுமே. வங்கக்கடலின் நடுவில் வீசும் காற்று இன்னொரு காரணம். பூமத்திய ரேகையருகிலும், மியான்மர் பக்கமுள்ள வங்கக்கடலின் கிழக்குக் கரையிலும் வீசும் காற்று மற்றொன்று. அங்கே காற்று நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ, அந்த மாற்றம் கெல்வின் அலை என்ற பெயரில், கரையை வலப்பக்கம் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு இருட்டில் நடப்பவர் மாதிரி பயணம் செய்கிறது. மியான்மர் கரை, வங்கதேசக் கரை, ஒடிசா, ஆந்திரா என்று சுற்றிக்கொண்டு, நாளுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வீதம், சில வாரங்களில் நம்மை எட்டும். ஆகவே சென்னைக்கு எதிரே இன்று ஓடும் நீரில், எங்கோ சென்ற மாதம் வீசிய காற்றின் பங்கும் இருக்கிறது. உள்ளூர்க் காற்றை மட்டும் அளந்துவிட்டு நீரோட்டத்தைச் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதனால்தான் நீரோட்டத்தை நேராகவே அளக்க வேண்டியிருக்கிறது. கடலூரிலும் கல்பாக்கத்திலும் கரையில் உயர் அதிர்வெண் ரேடார் நிலையங்கள் நிறுவப்பட்டன. இவை அனுப்பும் ரேடியோ அலை, அதன் நீளத்தில் சரிபாதி நீளமுள்ள கடல் அலைகளில் பட்டு வலுவாகத் திரும்பிவரும். அப்படிப்பட்ட அலை அமைதியான நீரில் என்ன வேகத்தில் போகும் என்பது தெரிந்த கணக்கு. திரும்பிவந்த சமிக்ஞை காட்டும் வேகம் அதிலிருந்து எவ்வளவு மாறுபடுகிறதோ, அதுவே நீரோட்டம். ஒரு நிலையம் மட்டும் இருந்தால் நீர் தன்னை நெருங்குகிறதா விலகுகிறதா என்பதைத்தான் சொல்ல முடியும். இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால் திசையும் கிடைத்துவிடும்.

இதெல்லாம் வெறும் அறிவுக்கு மட்டும் இல்லை. 2025 மே கடைசியில் கேரளக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த கன்டெய்னர்களும் வெள்ளைப் பிளாஸ்டிக் குருணைகளும் சில நாட்களிலேயே தெற்கே திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் ஒதுங்கத் தொடங்கின. மேற்குக் கரையோர நீரோட்டம் அந்த மாதங்களில் தெற்கே போகும். அது குருணைகளைக் கரையை ஒட்டியே சுமந்து சென்றது. அப்படியானால் எக்மன் கணக்குப்படி அவை கடலுக்குள் அல்லவா போயிருக்க வேண்டும்? இங்கேதான் கவனம் தேவை. சில பத்து மீட்டர் தடிப்புள்ள நீர் அடுக்கின் கூட்டுத்தொகைதான் 90 பாகை விலகுகிறது. மேல்மட்டத்தில் மிதக்கும் லேசான பொருள் அந்தக் கூட்டுத்தொகைக்குக் கட்டுப்படாது. மேற்பரப்பின் முதல் சில சென்டிமீட்டரில் காற்றின் இழுப்பும், கரையில் வந்து உடையும் அலைகளின் தள்ளலும்தான் ஆட்சி. கீழே நீர் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே, மேலே குப்பை கரைக்கு வரலாம்.

ஆட்கள் காணாமல் போகும்போது இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. எஞ்சின் நின்றுபோன ஃபைபர் படகு தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்கிறது, காற்று அதைப் பாய் மாதிரி பிடித்துக்கொள்ளும். கவிழ்ந்த படகு பாதிக்குமேல் நீருக்குள் இருக்கும், அது நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தோடு, போகும். கழுத்தளவு நீரில் மிதக்கும் மனிதர் இன்னொரு வழியில் போவார். மூவரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விபத்துக்குள்ளானாலும், மறுநாள் காலையில் மூன்று வெவ்வேறு இடங்களில் தேட வேண்டியிருக்கும். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2016-இல் சாரட் என்ற தேடல் உதவிக் கருவியைக் கொண்டுவந்தது. காணாமல் போனது என்ன என்பதைச் சுமார் 60 வகைகளிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும் கருவி அது. கடைசியாகப் பார்த்த இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால், அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் அந்தப் பொருளின் உருவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்தப் பகுதியில் முதலில் தேட வேண்டும் என்று வரைபடத்தில் காட்டும். படகு திரும்பவில்லை என்று கரையில் தவித்து நிற்கும் குடும்பத்திடம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், என்ன படகு என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான்.